சாவியா, திறப்பா

ஹம்ஸா அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் சிட்னியில், கெல்லிவில் வீட்டில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாலு படுக்கையறை வீட்டில் மூன்றை நான் திறப்பதே இல்லை. மகள் மெல்போர்னில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடுவாள், அதுவும் கார் ஓட்டிக்கொண்டே. அவள் போகவேண்டிய இடம் வந்ததும் என் பேச்சு பாதியில் நிற்கும். குறை சொல்லவில்லை. பாதிப் பேச்சாவது கிடைக்கிறதே.

"அப்பா, ஸ்கேன்ல நர்ஸ் சொன்னாங்க, பேபிக்கு இப்பவே என் வாய்ஸ் கேக்குமாம்," என்றாள். அவளுக்கு ஆறாவது மாதம். "அம்மா வாய்ஸ் எப்படி இருக்கும்? டூ ஐ சவுண்ட் லைக் ஹெர்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கிரிஜாவின் முகம் இருக்கிறது, அவள் நடை இருக்கிறது, கோபம் வந்தால் பாத்திரத்தை எப்படி வைப்பாள் என்பதுகூட இருக்கிறது. குரல் இல்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை. ஒரு மனிதன் தன் பெண்டாட்டியின் குரலை மறப்பானா? நான் மறந்திருக்கிறேன். "ஞாபகம் இல்லைம்மா" என்று சொல்ல நாக்கு வரவில்லை. "கொஞ்சம் உன்னை மாதிரிதான்" என்று புளுகினேன். அவள் பார்க்கிங் கிடைத்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

கிரிஜா மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் போனபோது ஹம்ஸாவுக்கு ஒன்றரை வயது. இரண்டாயிரமாம் ஆண்டு. இப்போது போல ஆளுக்கொரு கேமரா பாக்கெட்டில் கிடையாது. கல்யாண கேசட் இருந்தது. டிஜிட்டலாக மாற்றி ஒரு காப்பி ஹம்ஸாவிடமும் உண்டு. அதில் மூன்று மணி நேரமும் சினிமாப் பாட்டு. திருச்சி வீடியோக்காரர் நாங்கள் பேசியது மொத்தத்தையும் அழித்துவிட்டு, மாலை மாற்றும்போது ஒரு டூயட், அப்பளம் உடைக்கும்போது ஒரு டூயட் என்று ஒட்டிக் கொடுத்திருந்தார். நாங்களும் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று கைகொடுத்து வாங்கிவந்தோம். அதில் கிரிஜா சிரித்துச் சிரித்து என்னமோ சொல்கிறாள். வாய் அசைகிறது, யாரோ ஒரு பாடகி பாடுகிறாள்.

அன்று சாயங்காலம் வரை வீட்டுக்குள் நடந்தேன். அப்புறம்தான் 'தாழ்' ஞாபகம் வந்தது.

தாழ் என்பது நானும் பிரஷாந்தனும் எழுதிய மென்பொருள். தொண்ணூறுகளில் சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரே அடுக்ககத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்தோம். நான் திருச்சி, அவன் யாழ்ப்பாணம். ஒரு கோப்பையோ மின்னஞ்சலையோ பூட்டி அனுப்பினால் உரியவர் மட்டும் திறந்து படிக்கலாம். அப்படிப்பட்டவை அப்போதே ஆங்கிலத்தில் பல இருந்தன. எங்களுடையது முழுக்கத் தமிழில். பூட்டும் வேலையை நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒரு கணித முறையிடம் விட்டுவிட்டு, நாங்கள் வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டோம். பாஸ்ஃப்ரேஸுக்குக் கடவுத்தொடர். சைஃபருக்கு மறையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு சனிக்கிழமை போகும். எவனாவது பாஸ்வேர்ட் என்று சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து பாய்வோம், அது வார்த்தை இல்லை, தொடர் என்று. இப்போது அந்த அகராதியே போய்விட்டது. ஒரே சாவியால் பூட்டித் திறப்பதை அன்றைக்கு 'வழக்கமான முறை' என்றார்கள், இன்றைக்கு அந்தப் பெயரே புழக்கத்தில் இல்லை. கைரேகை என்றால் அன்று ஒரு வரிசை எண்கள், இவன் சாவி இதுதானா என்று ஃபோனில் படித்துச் சரிபார்ப்பது. இன்று கட்டைவிரல். கோயிலில் ஒரு முறை வாய்தவறி, நான் அந்தக் காலத்தில் கிரிப்டோவில் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் பரிதாபமாகப் பார்த்து, எவ்வளவு போச்சு சார் என்றார்.

எல்லா வார்த்தையிலும் ஒத்துப்போன நாங்கள் ஒன்றில் முட்டிக்கொண்டோம். கீ. நான் சாவி என்றேன். அவன் திறப்பு என்றான். சாவி போர்த்துக்கீசியன் விட்டுப்போனது, தமிழ் மென்பொருளில் அது எதற்கு என்று கேட்டான். அப்படியானால் நீங்கள் உட்காரும் கதிரையும் சமைக்கும் குசினியும் அலுமாரியும் மட்டும் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்டேன். இரண்டு முழு ஆண்மக்கள் இதற்காக மாதக்கணக்கில் குரல் உயர்த்தினோம். திரையில் எழுத்தாக மட்டும் போதாது, பேசவும் வேண்டும் என்று கிரிஜாவை மைக் முன்னால் உட்கார்த்தி அறிவிப்புகளைப் பதிவு செய்திருந்தோம். அவளுக்கு உச்சரிப்பு நன்றாக இருக்கும், ழகரம் பிசகாது. சாவி என்று ஒரு முறை பேசினாள். பிரஷாந்தன் கெஞ்சியதால் திறப்பு என்றும் ஒன்று பேசிக் கொடுத்தாள்.

கடைசியில் சண்டை முற்றி, நான் இல்லாமல் நீ வெளியிடக்கூடாது, நீ இல்லாமல் நான் வெளியிடக்கூடாது என்று ஆயிற்று. தாழிலேயே அதற்கு வசதி இருந்தது, இருவர் தாழ் என்று பெயர். மூல நிரல், ஒலி எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, கடவுத்தொடரில் பாதியை நான் அடித்தேன், அவன் சுவரைப் பார்த்து நின்றான். மீதியை அவன் அடித்தான், நான் சுவரைப் பார்த்து நின்றேன். அதோடு பேச்சு நின்றது. சில மாதங்களில் கிரிஜா போனாள். சாவுக்கு அவன் வந்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுக் கிளம்பினான். பிறகு மெல்போர்ன் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் கோப்பும், அதைத் திறக்கப் பேச்சில்லாத ஒரு பழைய தாழ் பிரதியும் மட்டும் என்னோடு வந்தன. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் மாற்றும்போதும் பழக்கதோஷத்தில் நகல் எடுத்து வைப்பேன். உள்ளே நிரல் இருக்கிறது என்றுதான் நினைப்பு. உள்ளே அவளும் இருக்கிறாள் என்று இத்தனை வருஷம் தோன்றவே இல்லை.

முதலில் மாப்பிள்ளை கிஷனிடம் அனுப்பினேன். அவனுக்கு சைபர் செக்யூரிட்டியில் வேலை. ஹம்ஸாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்றேன். "நைன்டீஸ் என்கிரிப்ஷன்தானே மாமா, லஞ்சுக்குள்ள உடைச்சிடலாம்" என்றான். லஞ்சுகள் பல போயின. பிறகு கூப்பிட்டு, "மாமா, இதை யார் எழுதினது?" என்றான். நாங்கள்தான் என்றேன். "ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க. என்னால முடியல." அரை நிமிஷம் பெருமையாக இருந்தது. அப்புறம் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. கொஞ்சம் மோசமாக எழுதியிருக்கக் கூடாதா நான்?

ஆக, பிரஷாந்தன். அவன் நம்பரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மெல்போர்னில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் தெரிகிறது. நம்பரை வைத்துக்கொண்டு கூப்பிடாமல் இருப்பதுதான் கஷ்டம். ஒரு வழியாக அழுத்தினேன்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"நான் வெங்கட். வெங்கட்ராமன்."

"எந்த வெங்கட்?"

சுருக்கென்றது. என்ன சொல்வது? சிட்னி வெங்கட் என்றேன். அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"சாவி வெங்கட்டோ?"

"ஆமா."

"ஓம், சொல்லு," என்றான், நேற்று பேசி வைத்தவன் போல.

சொன்னேன். ஹம்ஸா கேட்டதைச் சொன்னேன், குரல் மறந்துவிட்டதையும் சொன்னேன். அதை நான் வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. உன் பாதியைச் சொல்லிவிடு, நான் அடித்துப் பார்க்கிறேன் என்றேன்.

"விசரே உனக்கு? கடவுத்தொடரை ஆரும் ஃபோனில சொல்லுவினமே?"

"டேய், இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுடா."

"ஆனால் என்ன? நாங்கள் எழுதின விதி. கோப்பைக் கொண்டு வா. என்ர கையால அடிச்சுத் தாறன்."

எரிச்சல் வந்தது. ஆனால் அவன் இடத்தில் நானாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். விமானச் சீட்டு போட்டேன்.

கேரம் டவுன்ஸில் அவன் வீடு கோயிலுக்குப் பக்கம். கதவைத் திறந்தவனைப் பார்த்து, இவன் அப்பா வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். அவனும் என்னைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருப்பான். மனைவி ஷாமளா டொரண்டோவில் மகள் வீட்டில் இருக்கிறாராம், போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டதாம். சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு கப். எனக்குப் பழகின காட்சி.

"தேத்தண்ணி குடிக்கிறியோ, முதல்ல வேலையைப் பாப்பமோ?"

"வேலை."

தாழ் ஓடுவதற்காக மடிக்கணினிக்குள் பழைய விண்டோஸை ஒரு பாவனைக் கணினியாக ஓட வைத்திருந்தேன். தாழ் திறந்தது. சாம்பல் நிறப் பெட்டி, எங்கள் தமிழ், கொஞ்சம் கோணலான எழுத்து. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். என் பாதியை அடித்தேன், நான் சொல்லாமலே அவன் சுவரைப் பார்த்துத் திரும்பினான். பிறகு நான் திரும்பினேன். அந்தச் சுவரில் அவன் பேரக்குழந்தைகளின் படங்கள் இருந்தன, ஒருவரையும் எனக்குத் தெரியாது.

'கடவுத்தொடர் தவறு' என்று வந்தது.

மறுபடி அடித்தான். தவறு. இடைவெளி விட்டு, விடாமல், பெரிய எழுத்து, சின்ன எழுத்து. தவறு, தவறு. அவன் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

"எனக்கு மறக்கேல்லை, மச்சான். சத்தியமா. என்ர அம்மாவின்ர வசனம் அது. மறக்கவே மாட்டன்."

"என் பாதி தப்பா இருக்கலாம்," என்றேன். இருக்காது என்று எனக்குத் தெரியும். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கும் என்னைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஹம்ஸாவுக்கு வேறு வழி எதுவும் இல்லை. உலகத்தில் இருக்கிற ஒரே குரல் அந்தப் பெட்டிக்குள், அதன் வாசலில் இரண்டு கிழவர்கள்.

அவன் தேத்தண்ணி போட எழுந்தான். அப்போது டொரண்டோவிலிருந்து செய்தி வந்தது. மேசையிலிருந்த அவனுடைய கணினியில் பதில் அடித்தான். 'saappittaachchu' என்று ஆங்கில எழுத்தில் அடிக்க, திரையில் 'சாப்பிட்டாச்சு' என்று விழுந்தது. ஊரே இப்போது அப்படித்தான் அடிக்கிறது. நான் அந்தக் காலத்திலேயே அப்படித்தான் அடித்தேன். ஆனால் இவன்?

"பிரஷாந்தன், அப்ப நீ எதுல அடிப்ப?"

"என்னது?"

"தமிழ். அப்போ."

கெட்டிலை எடுக்கப் போனவன் அப்படியே திரும்பினான். "பாமினியில," என்றான் மெதுவாக.

பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று வர 'mk;kh' என்று அடிக்க வேண்டும், ஒலிக்கும் விசைக்கும் சம்பந்தமே இருக்காது. எந்த விசையில் எந்த எழுத்து என்று தட்டச்சுப் பலகைப் படி உட்கார்ந்திருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் அன்று பாதிப்பேர் அதில்தான் அடித்தார்கள். பெட்டியில் தெரிந்தது வெறும் நட்சத்திரங்கள். அன்று இவன் மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு, கையால் பாமினியில் தட்டியிருக்கிறான், இன்று ஒலிப்படி ஆங்கில எழுத்தில் தட்டுகிறான். தாழ் பூட்டியது இவன் அம்மாவின் வசனத்தை அல்ல, அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக ஒரு கூளத்தை.

அவனுக்கு அந்த விசைப்பலகை சுத்தமாக மறந்துபோயிருந்தது. இணையத்தில் அதன் படத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, விரலால் தொட்டு, காகிதத்தில் எழுதாமல் (அதுவும் விதி) அடித்தான். நான் மறுபடி அந்தப் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெங்கட், திரும்பு."

திறந்திருந்தது.

ஒலிக் கோப்புகள் தனி உறையில் இருந்தன. முதலாவதை அழுத்தினேன். "தாழ் உங்களை வரவேற்கிறது." அடுத்தது. "உங்கள் சாவியைத் தேர்ந்தெடுக்கவும்." அடுத்தது. "கடவுத்தொடரை உள்ளிடவும்." கணீரென்று, திருத்தமாக, ழகரம் பிசகாமல். வானொலியில் மாநிலச் செய்தி வாசிக்கிற அம்மாளின் குரல். மைக்கைக் கண்டதும் நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். பேசு என்றால் பேச மாட்டார்கள், வாசிப்பார்கள். இது யார்? எனக்குத் தெரியவில்லை. வரிசையாக எல்லாவற்றையும் போட்டேன். ஒன்றிலும் என் மனைவி இல்லை. வரிக்கு முன்னால் ஒரு மூச்சு, பின்னால் ஒரு சிரிப்பு, ஒரு இருமல் எதுவும் கிடையாது. ஃபிளாப்பியில் இடம் போதாது என்று நானே உட்கார்ந்து முன்னும் பின்னும் வெட்டியிருக்கிறேன். அந்த வேலையை நான் எப்போதும் சுத்தமாகச் செய்வேன்.

அழுதேன். மறைப்பானேன், அவன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவன் என் தோளைத் தொடவில்லை, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்ரது எங்கை?" என்றான்.

"எது?"

"திறப்பு. எனக்காக ஒண்டு கதைச்சவா எல்லே."

அது அடியில் இருந்தது. மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிய கோப்பு. வேண்டாம் என்று நான் ஒதுக்கியதால் அதை யாரும் வெட்டவே இல்லை.

அழுத்தினேன். இரைச்சல். யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். செய்தி வாசிக்கும் அம்மாள் வந்தார்: "உங்கள் திறப்பைத் தேர்ந்தெடுக்கவும்." பிறகு தூரத்தில் ஒரு குழந்தை அழுகிறது. பிறகு, மைக்குக்கு மிகப் பக்கத்தில், சோம்பலாக, சற்றே மூக்கடைத்த ஒரு குரல்: "போதுமா? பாப்பா அழுறா."

கிரிஜா. எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாற்காலி நகர்கிறது. காலடி போகிறது. பதிவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அதற்குள் நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். "திறப்புன்னா திறக்கறதுடா, அது வினை, பொருளா எப்படி ஆகும்?" என்கிறேன் நான். "அப்ப பூட்டு எண்டா என்ன?" என்கிறான் அவன். நான் கத்துகிறேன். அவன் மேசையைத் தட்டுகிறான். எங்களுக்குப் பின்னால், அடுத்த அறையில், அழுகை மெல்ல மெல்ல இறங்குகிறது. அவள் குழந்தையிடம் என்னவோ பேசிக்கொண்டே இருக்கிறாள், நீளமாக. பாட்டா, கொஞ்சலா, எங்களைப் பற்றிய புகாரா தெரியாது. ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. எங்கள் சத்தம்தான் கேட்கிறது.

"பொத்தடா வாயை," என்றான் பிரஷாந்தன், திரையைப் பார்த்து.

சாயங்காலம் அவனே என்னை ஹம்ஸா வீட்டில் இறக்கிவிட்டான். உள்ளே வா என்றேன், பிறகு வருகிறேன் என்று போய்விட்டான். ஹம்ஸா சோபாவில் சாய்ந்து, ஹெட்ஃபோன் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாட் லைக் மீ அட் ஆல்," என்றாள். "புளுகிட்டீங்க."

"ஆமாம்மா. எனக்கு மறந்துபோச்சு."

அவள் கோபப்படவில்லை. மறுபடி கேட்டாள். "பின்னாடி என்கிட்ட ஏதோ சொல்றாங்க. என்ன சொல்றாங்கப்பா?"

கிஷன் உள்ளே கொண்டுபோய் ஏதோ மென்பொருளில் போட்டு, எங்கள் இரண்டு பேர் குரலையும் பிரித்து எடுக்கப் பார்த்தான். எங்கள் குரல் போனது. கூடவே கிரிஜாவுடையதும் போனது, ஏதோ காற்று போல ஒரு முனகல்தான் மிஞ்சியது. மைக் எங்கள் முகத்துக்கு நேராக இருந்திருக்கிறது, என்ன செய்வது. ஒரு பெண் தன் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சும்மா இருந்திருக்கலாம்.

"சாரிம்மா," என்றேன்.

ஹம்ஸா ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தாள். பழைய பதிவையே மறுபடி ஓடவிட்டாள், நாங்கள் கத்துகிற பதிவை. ஓர் இடத்தில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இங்க பாருங்க," என்றாள் தமிழில். "அம்மா தூக்கிட்டாங்க. நான் அழுறதை நிறுத்திட்டேன்."